‘இது தீர்ப்பு அல்ல’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: குடும்பநல நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்பநல நீதிமன்ற நீதிபதிகளுக்கும், அங்கே நகல் போட்டுக் கொடுக்கும் அலுவலர்களுக்கும், கல்யாணத்தைப் பதிவு செய்யும் சார்பதிவாளர்களுக்கும், விவாகரத்து வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள். பதினாறு வருஷமாகத் தேதிகளோடுதான் பிழைப்பு. ஜிஎஸ்டிக்கு 20-ஆம் தேதி, டிடிஎஸ் கட்ட 7-ஆம் தேதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பில்லில் தேதி முன்னே பின்னே இருந்தால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட நான் என் தங்கை கல்யாணத்தில் இரண்டே இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தவறிவிட்டேன். இந்த மடலில் உங்களைக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், அதனால் என் தப்பை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

2022-ல் தங்கைக்கு 31 வயது. பெரியப்பா முறையில் ஒருவர் வரன் கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் கல்யாணம் எட்டு மாதம்கூட நிற்கவில்லை, குழந்தை இல்லை, இரண்டு பேரும் மனசு ஒத்துப் பிரிந்தாயிற்று, கையெழுத்தெல்லாம் போட்டாயிற்று என்றார். தங்கைக்குச் சம்மதம். அப்பாதான், ‘பேப்பரைக் கண்ணால பாத்துடலாம்’ என்றார். மாப்பிள்ளை மறுப்பே சொல்லாமல் அடுத்த வாரமே கொண்டு வந்து கொடுத்தார்.

நீளத் தாளில் ஆறேழு பக்கம். முதல் பக்கத்தில் கோர்ட் பெயர், வழக்கு எண், ஊதா நிறத்தில் வட்ட சீல். எல்லாப் பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து, அந்தப் பெண்ணின் கையெழுத்து. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலை மட்டும் பார்த்தார். நான் எம்.காம். படித்தவள் ஆயிற்றே, ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் திருமணத்தை ‘டிஸால்வ்’ செய்வது பற்றி ஒரு வரி இருந்தது. சரி, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வரியின் தொடக்கத்தில் ‘ப்ரே’ என்றும் ஒரு சொல் இருந்திருக்கிறது. அதாவது, கலைத்துத் தரும்படி வேண்டுகிறோம். வேண்டுதலைத்தான் நான் வரம் என்று படித்துவிட்டேன்.

அது மனு. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து போட்ட மனு. அதைப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பிறகு இருவரும் இரண்டாம் முறை வந்து ‘இன்னும் அதே முடிவுதான்’ என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் தீர்ப்பு. அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது, ஆனால் அதற்கும் கேட்டுப் பெற்ற உத்தரவு ஒன்று வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் மனசு மாறி ‘எனக்குச் சம்மதம் இல்லை’ என்று சொன்னால் மனு அங்கேயே நின்றுவிடும். மாப்பிள்ளை எங்களிடம் காட்டியபோது இரண்டாம் வாய்தாவே வரவில்லை.

அவர் ஏமாற்றினாரா என்று பல பேர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய வக்கீல் குமாஸ்தா, ‘இனிமே ஃபார்மாலிட்டிதான் சார், ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று சொல்லியிருக்கிறார், இவரும் நம்பியிருக்கிறார். ஆவணியை விட்டால் புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஐப்பசியில் மண்டபம் கிடைக்கவில்லை, அப்புறம் மார்கழி கழிந்து தைதான் என்று ஜோசியர் கணக்குப் போட்டார். ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவசரப்பட்டோம்.

ஆவணியில் கல்யாணம். கார்த்திகையில் தீர்ப்பு. இடையில் 76 நாள்.

தீர்ப்பு வந்த அன்று மாப்பிள்ளை ஸ்வீட் வாங்கி வந்தார். ‘இதோட எல்லாம் க்ளியர்’ என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். கல்யாணத்துக்கு அப்புறம் விவாகரத்து வந்தாலும் வந்துவிட்டதல்லவா, இனி என்ன. தை மாதம் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கெடு தாண்டிவிட்டதால் கூடுதல் கட்டணம் கட்டினார்கள். மாப்பிள்ளை மணவிலக்குப் பெற்றவர் என்று படிவத்தில் எழுதியதால் தீர்ப்பு நகல் கேட்டார்கள், கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையும் கொடுத்தார்கள். பத்திரிகையில் ஆவணித் தேதி. தீர்ப்பில் கார்த்திகைத் தேதி. இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி, மேலே படிவத்தை வைத்து, ரசீது போட்டு, சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து அவ்வளவு பேர், இரண்டு சாட்சிகள், அலுவலகத்தில் மூன்று பேர், ஒருவர் கண்ணிலும் படவில்லை. சான்றிதழை லேமினேட் செய்து கொடுத்ததும் நான்தான்.

2024-ல் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. ஏன் என்பது இந்த மடலுக்கு வேண்டாம், அதில் இரண்டு பக்கமும் சொல்ல இருக்கிறது. தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் நாலு மாதம் பேசிப் பார்த்தார்கள். பிறகு விவாகரத்துக்குப் போடலாம் என்று பக்கத்து டவுனில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் ஃபைலைப் புரட்டினார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். மறுபடி புரட்டினார். பிறகு எழுது அட்டையில் இரண்டு தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மேலே இருந்ததைச் சுற்றி வட்டம் போட்டு, அட்டையை எங்கள் பக்கம் திருப்பினார்.

‘உங்க தங்கைக்கு டைவர்ஸ் வாங்க முடியாதும்மா. சட்டப்படி இவங்களுக்குக் கல்யாணமே ஆகலை.’

தங்கை சிரித்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்திருந்தார் வக்கீலம்மா.

விஷயம் இதுதான். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு முதல் நிபந்தனையாகவே சொல்கிறது: கல்யாணம் நடக்கிற நேரத்தில் மணமகனுக்கோ மணமகளுக்கோ உயிரோடு ஒரு துணை இருக்கக் கூடாது. (சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1949-லேயே, இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் தாத்தாவின் அண்ணன் அதற்கு முந்தின வருஷமே இரண்டாவதைக் கட்டிக்கொண்டு தப்பித்தவர், அது வேறு கதை.) அந்த நிபந்தனையை மீறினால் 11-ஆம் பிரிவின்படி கல்யாணம் செல்லாது. பிற்பாடு செல்லாமல் போவது அல்ல, தாலி கட்டிய நிமிஷத்திலிருந்தே செல்லாது. 76 நாள் கழித்துத் தீர்ப்பு வந்தாலும், ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும், பதிவு செய்து சான்றிதழ் வாங்கினாலும் அது உயிர் பெறாது. பதிவு என்பது நடந்ததற்குச் சாட்சிதான், நடக்காததை நடந்ததாக ஆக்கும் மந்திரம் இல்லை.

‘கல்யாணத்தை ரத்து பண்ணணும்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ரத்து என்றால் எடுத்த ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. தங்கை கதை டிக்கெட்டே இல்லாமல் ஏறி உட்கார்ந்த கதை, தான் ஏறியிருப்பது டிக்கெட் இல்லாமல் என்று தெரியாமலே. சட்டத் தமிழில் இதை ‘இல்லாநிலைத் திருமணம்’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் அந்த இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல நீதிமன்றம் 14 மாதம் எடுத்துக்கொண்டது.

ஏன் 14 மாதம்? விவாகரத்து மனு என்றால் கல்யாணமாகி ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் மனுவுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். காகிதமும் கையில் இருந்தது, இரண்டே தேதிகள்தான், சாட்சி விசாரிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எதிர் மனுதாரர் வர வேண்டுமே. அவர் எதிர்க்கவும் இல்லை, வரவும் இல்லை. அழைப்பாணை இரண்டு முறை ‘வீடு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வந்தது. பிறகு பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளூர்ப் பதிப்பில், நிலம் விற்பனைக்கும் காணவில்லைக்கும் நடுவில், தங்கை பெயரும் அப்பா பெயரும் எங்கள் தெருப் பெயரும். அதைப் பார்த்துவிட்டுப் பால்காரர் விசாரித்தார். கல்யாணமே இல்லை என்று சொல்ல ஊர் முழுக்கக் கல்யாணத்தை மறுபடி அறிவிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கல்யாணம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறோம், செல்லாத கல்யாணத்தில் மனைவி ஏது, மனைவி இல்லை என்றால் ஜீவனாம்சம் ஏது என்று ஒரே மூச்சில் முடித்தார். தப்பு அவர்கள் பக்கத்துக் காகிதத்தில், அதற்கான லாபமும் அவர்களுக்கே. இது புதிதாகச் செய்த வாதம் இல்லை. 1988-லேயே உச்ச நீதிமன்றம், முதல் மனைவி இருக்கும்போது கட்டப்பட்டவள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ‘மனைவி’ ஆக மாட்டாள் என்று சொல்லிவிட்டது. அந்த வரியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் கைவீசிக்கொண்டு நடந்திருப்பார்கள். 2013-ல் கொஞ்சம் மாறியது: முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டியவன், தன் பொய்யையே காரணம் காட்டிப் பணம் கொடுக்காமல் தப்பிக்க முடியாது என்றது அதே நீதிமன்றம். எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2025 பிப்ரவரியில், மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. இந்து திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட கல்யாணத்திலும் 25-ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் வழக்கின் நிலையையும் இரு தரப்பின் நடத்தையையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். இப்படிப்பட்ட பெண்ணைச் ‘சட்டவிரோத மனைவி’ என்றும் ‘விசுவாசமான வைப்பாட்டி’ என்றும் ஒரு பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்பு எழுதியிருந்ததையும் அந்த அமர்வு கண்டித்தது. வக்கீலம்மா அந்தப் பத்தியைப் பிரிண்ட் எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள்.

அதற்கு ஒரு மாதம் முந்தி, ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு இன்னும் விசித்திரம். ஹைதராபாத்துக்காரர் ஒருவர். மனைவியின் முதல் கல்யாணம் சட்டப்படி முறியவில்லை, வெறும் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்திருந்தார்கள் என்று காரணம் காட்டித் தன் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். பிறகு அதே பெண்ணை மறுபடி மணந்து பதிவும் செய்துகொண்டார். அப்புறம் ஜீவனாம்சம் என்று வந்ததும் மறுபடி அதே பழைய முதல் கல்யாணத்தைத் தூக்கிக் காட்டினார். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தெரிந்தேதானே கட்டினாய், கொடு என்றது.

சரி, இப்போது உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

நீதிமன்றத்தில் மனு போட்டால் நகலில் சீல் விழுகிறது. தீர்ப்பு வாங்கினாலும் நகலில் சீல் விழுகிறது. சட்டம் தெரிந்தவருக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எங்களுக்கு இரண்டும் ‘கோர்ட் பேப்பர்’. கிராமத்தில் ஒரு வரனைப் பார்க்கப் போகிறவர் கோர்ட் சீலைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடுவார், அதற்கு மேல் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பார். அதனால் விவாகரத்து மனுவின் நகல் வெளியே போகும்போது, முதல் பக்கத்தின் தலையில், தமிழில், ‘இது தீர்ப்பு அல்ல’ என்று பட்டையாக ஒரு முத்திரை குத்துங்கள். இடைக்கால உத்தரவு, வாய்தாப் பதிவு எல்லாவற்றுக்கும் அதே முத்திரை. முடிந்தால் இரண்டாவது வரியும் சேர்க்கலாம்: ‘இதை வைத்து மறுமணம் செய்ய முடியாது’. சட்டத் திருத்தம் வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம், கமிட்டி வேண்டாம்.

தீர்ப்பு நகலிலும் ஒன்று வேண்டும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தீர்ப்பு வந்தவுடன்கூட எல்லோரும் மறுநாளே கட்டிக்கொள்ள முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மேல்முறையீட்டுக்கு உரிமையே இல்லை, அல்லது உரிமை இருந்தும் கெடு முடிந்துவிட்டது, அல்லது மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது, இந்த மூன்றில் ஒன்று ஆன பிறகுதான் மறுமணம். சம்மதத்தோடு வாங்கிய தீர்ப்பு என்றால் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டப்படி மேல்முறையீடு கிடையாது, அதனால் அவர்களுக்குக் காத்திருப்பும் இல்லை. சண்டை போட்டு வாங்கிய தீர்ப்பு என்றால்? இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 30 நாள் என்கிறது. இதில் எதை எடுப்பது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முழு அமர்வு உட்கார்ந்து 90 தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் நேரான 90 இல்லை. தீர்ப்பு நகல் கேட்டு விண்ணப்பித்து அது கைக்கு வருகிற நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அதுவும் மேல்முறையீடு செய்கிற எதிர்த்தரப்பு எப்போது விண்ணப்பித்தது என்பதைப் பொறுத்து, அது இவருக்கு எப்படித் தெரியும்? எதிர்த்தரப்பு வராமலே போன எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்றால் இன்னும் மோசம், அவர் திடீரென்று வந்து ‘எனக்குத் தகவலே வரவில்லை’ என்று அதையே எடுத்துவிடக் கேட்கலாம். நான் கணக்குப் பார்க்கிறவள், எனக்கே இதில் விரல் விட்டு எண்ண முடியவில்லை. தரகரும் ஜோசியரும் மண்டப மேனேஜரும் எண்ணிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா?

அந்தக் கெடுவுக்குள் அவசரப்பட்டால் கல்யாணம் அடியோடு செல்லாமல் போகுமா என்பதிலும் குழப்பம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு டெல்லி வழக்கில், கணவர் தன் பழைய விவாகரத்தை எதிர்த்துத் தானே போட்டிருந்த மேல்முறையீட்டைச் சமாதானமாகி வாபஸ் பெற மனு கொடுத்துவிட்டார். 2011 டிசம்பர் 6-ஆம் தேதி மறுமணம், டிசம்பர் 20-ஆம் தேதிதான் மேல்முறையீடு வாபஸ் என்று உத்தரவு. அந்த 14 நாளைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் கல்யாணம் செல்லாது என்றது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றிச் செல்லும் என்றது. கல்யாணத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஓடிப்போயிருந்தது. ஆகத் தீர்ப்புக்கு முன்னால் கட்டினால் நிச்சயமாகச் செல்லாது, தீர்ப்புக்குப் பின் கெடுவுக்கு முன் கட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம் ஆனால் வழக்கு வந்தால் ஆயுசில் பாதி போகும். இப்படி இருக்கிறது நிலைமை.

எனவே தீர்ப்பு நகலின் கடைசியில் ஒரு வரி: இது சம்மதத் தீர்ப்பா, எதிர்த்து நடந்ததா, எக்ஸ்பார்ட்டியா. மேல்முறையீடு உண்டா. உண்டென்றால் இன்ன காலம் முடிந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மறுமணம். தமிழில். நீங்கள் தீர்ப்பை ஆங்கிலத்தில் எழுதுவதோ தமிழில் எழுதுவதோ உங்கள் இஷ்டம், இந்த ஒரு வரி மட்டும் தமிழில் இருக்கட்டும்.

சார்பதிவாளர் அலுவலகங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. மணவிலக்குப் பெற்றவர் என்று படிவத்தில் வந்தால் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் தை மாதமே யாராவது ஒருவர், ‘ஏம்மா, கல்யாணத் தேதி முன்னாடி இருக்கே’ என்று கேட்டிருந்தால், அன்று சாயங்காலமே கோயிலில் மறுபடி ஒரு மஞ்சள் கயிறு கட்டி, புதுத் தேதியில் பதிவு செய்திருப்போம். அந்தத் தையில் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் அப்படி நன்றாக இருக்கிற ஜோடிகள் கண்டிப்பாக இருப்பார்கள். சண்டை வந்தால்தான் இது வெளியே வரும் என்று நினைக்காதீர்கள். சாவு வந்தாலும் வரும். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, பிஎஃப் பணம் கேட்கும்போது, நிலத்தில் பங்கு பேசும்போது, மூத்தாளின் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு தேதிகளோடு வந்து நிற்பார். பிள்ளைகள் வரை அது போகாது, அந்த அளவுக்கு 16-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது: கல்யாணம் செல்லாவிட்டாலும் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே. பெற்றவருக்கு மூதாதையர் சொத்தில் கிடைத்திருக்கக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவிக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. அதனால் மறுமணம் செய்தவர்கள் பீரோவைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேதி முன்னே பின்னே இருந்தால் வெட்கப்படாமல் மறுபடி கட்டிக்கொள்ளுங்கள், அதைப் பதிவும் செய்யுங்கள், ஒரு வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரன் பார்க்கிறவர்கள், காகிதத்தில் வழக்கு எண் இருந்தால் போனிலேயே இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பாருங்கள், வழக்கு முடிந்துவிட்டதா நிலுவையில் இருக்கிறதா என்று காட்டும். நான் போட்டிருந்தால் ‘நிலுவை’ என்று வந்திருக்கும். எண் என் மடியில் இருந்தது, போன் என் கையில் இருந்தது.

வக்கீல்களே, நீங்கள் கட்சிக்காரரிடம் ‘இனிமே ஃபார்மாலிட்டிதான்’ என்று சொல்வதை நிறுத்துங்கள். உங்கள் குமாஸ்தாவையும் சொல்ல விடாதீர்கள். உங்களுக்கு அது பேச்சுவாக்கு, அவர் அதைக் கேட்டுவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். நோட்டரிகள் வேறு இருக்கிறார்கள். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ‘இன்று முதல் நீ யாரோ நான் யாரோ’ என்று எழுதி, சிவப்பு சீல் குத்தி, விடுதலைப் பத்திரம் என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். நோட்டரிக்குக் கல்யாணம் செய்துவைக்கவும் அதிகாரம் இல்லை, பிரித்துவைக்கவும் அதிகாரம் இல்லை என்று 2024 அக்டோபரில் மத்திய சட்டத் துறை சுற்றறிக்கையே விட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி அத்துவிட்டது செல்லுமா என்றால், அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தால் செல்லும், இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது. நிரூபிப்பது லேசு இல்லை, அதில் தோற்றுப் பிறகு கட்டிய கல்யாணமும் செல்லாமல் போனவர்கள் உண்டு.

தங்கைக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரு தொகையும் வந்தது, எவ்வளவு என்பதை அவள் சொல்லக் கூடாது என்கிறாள். அது வந்த அடுத்த வாரம் குடும்ப அட்டையில் பெயர் மாற்ற இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவன், ஒரு கட்டத்தில் நின்றான்.

‘அக்கா, மேரீட்டா, டைவர்ஸ்டா?’

தங்கை தீர்ப்பை எடுத்து நீட்டினாள். அவன் வாசித்தான். தலையைச் சொறிந்தான். பக்கத்துக் கம்ப்யூட்டர்காரரிடம் எழுந்து போய்க் காட்டினான், அவரும் வாசித்தார். ‘கல்யாணம் ஆகி... ஆகலைன்னா என்னண்ணே போடறது?’ வரிசையில் எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர். தங்கை, ‘அன்மேரீட்னு போடு தம்பி, கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்றாள். அவன் அவள் கழுத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, பேசாமல் தட்டினான்.

வெளியே வந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போனேன். ‘இது தீர்ப்பு அல்ல’ என்று ஒரு வரி, பெரிய எழுத்தில், என்ன விலை என்று விசாரித்தேன். மையோடு சேர்த்து 250 ரூபாய், இரண்டாவது வரி வேண்டுமென்றால் 50 கூட, நாளைக்கே கிடைக்கும் என்றார். எந்த நீதிமன்றம் முதலில் குத்தத் தயார் என்கிறதோ, அதற்கு நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தேதி பார்க்கத் தவறிய ஒரு அக்கா